டோக்கன் இல்லாத பை

டோக்கன் இல்லாமல் போய் நின்றால் சாமியே ஆனாலும் சைக்கிள் ஸ்டாண்டு சுடலையம்மாளிடமிருந்து வண்டியை வாங்க முடியாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வட்டாரத்தில் சொல்வார்கள். ஒருமுறை அவளுடைய சொந்தக் கொழுந்தன் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து, “மதினி, என் வண்டி ஒங்களுக்குத் தெரியாதா?” என்று சிரித்தான். “தெரியும். பின் டயர்ல எத்தனை ஒட்டு, சொல்லுங்க” என்றாள் அவள். அவன் மூன்று என்றான். நான்கு இருந்தது. வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறிப் போய், வீட்டில் கிடந்த சட்டைப் பைகளை எல்லாம் துழாவி, மறுநாள் டோக்கனோடு வந்துதான் வண்டியை எடுத்தான். அடுத்த இரண்டு பொங்கலுக்கு அவன் அவளோடு பேசவில்லை.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. ராஜபாளையத்தில் மில் தொழிலாளி வீட்டில் பிறந்து, யார் என்ன சொன்னாலும் நம்புகிற பிள்ளையாகத்தான் வளர்ந்தாள். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு சைக்கிள் ஸ்டாண்டு நடத்திக்கொண்டிருந்த புருஷன் சமுத்திரம் மஞ்சள் காமாலையில் மூன்றே வாரத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பிள்ளை குட்டி இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்தாள். முதல் மாதத்திலேயே மூன்று சைக்கிள் போயிற்று. எடுத்துப் போன மூன்று பேருமே வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய “தாயி.” அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒரே நம்பர் போட்ட தகரத் துண்டு இரண்டு. ஒன்று ஹேண்டில்பாரில் தொங்கும், மற்றது ஆள் கையில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி.

பை, மூட்டை எதையும் அவள் வாங்கி வைப்பதில்லை. எவனோ ஒருத்தன் “செத்த நேரத்துல வாரேன்” என்று வைத்துவிட்டுப் போன பைக்குள் சாராயப் பாட்டில் உடைந்து நாறி, போலீஸ் வந்து அவளை ஒரு மத்தியானம் முழுக்க ஸ்டேஷன் வாசலில் உட்காரவைத்திருந்தது. அன்றோடு சரி.

அப்படிப்பட்டவள் அந்த வெள்ளைக்காரனின் பையை எப்படி வாங்கி வைத்தாள் என்பதுதான் பிற்பாடு எல்லாருக்கும் புரியாமல் போனது. அவளுக்கே சரியாகப் புரியவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் தை மாதம். மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கொட்டகைக்கு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். தாடி, வெயிலில் உரிந்த மூக்கு, தலைக்கு மேலே எட்டிப் பார்க்கிற உயரத்துக்கு முதுகில் ஒரு பச்சை மூட்டை. அதை இறக்கி வைத்து, மூன்று விரலைக் காட்டி, மேற்கே மலையைக் காட்டி, கும்பிட்டான்.

“பை வைக்கிறதில்ல. போ, போ” என்றாள்.

சைக்கிளை விட வந்த ராஜரத்தினம் நின்று பார்த்தார். கோர்ட்டில் டைப்பிஸ்ட். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் சொல்லும் சாட்சியத்தை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் தட்டிக்கொண்டிருக்கிறவர். அவர் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பினார்.

“ஏம்மா, இவன் பேரு லூக்காம். பெல்ஜியம்னு ஒரு தேசம். ஒரு வருஷமா இந்த மூட்டையைத் தூக்கிட்டு நடக்கானாம். சுமத்ரா, ஜாவா, பர்மா, நேபாளம்னு அடுக்குதான். சதுரகிரி மலைக்குப் போறானாம். மேலே இம்புட்டுப் பெரிய மூட்டையைச் சுமக்க முடியாது, மூணு நாள் வச்சிருங்கங்கான்.”

“ஒரு வருஷமா நடக்கானா? வேலை வெட்டி?”

“இல்லையாம்.”

“அப்பன் ஆத்தா தேட மாட்டாங்களா? வேலை வெட்டி இல்லாம தேசம் தேசமா ஒருத்தன் எதுக்கு அலையணும் அண்ணாச்சி? இதுல ஏதோ இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் படுது. வேவு பாக்க வந்தவனோ என்னமோ” என்றார் ராஜரத்தினம்.

வெள்ளைக்காரனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு. பெற்றவர்களுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து திக்குத் தெரியாமல் நிற்கிற ஆளின் முகம் அவளுக்குத் தெரியும். இவன் முகம் அப்படி இருந்தது. அதனால்தான் வாங்கினாளோ என்னமோ. ஆனால் வாங்கும்போதும் சும்மா வாங்கவில்லை. மூட்டையைத் தடவிப் பார்த்தாள். மேலே செருகியிருந்த ஈரத் துண்டை உருவி, “இதை உள்ள வச்சா பூசணம் புடிச்சு எல்லாம் நாறிப் போகும், கூறு கெட்டவனே” என்று திட்டி அவன் கழுத்தில் போட்டாள். பையின் வாய்க்கு ஒரு குட்டிப் பூட்டு இருந்தது. பையில் ஒரு டோக்கனைக் கட்டி, ஜோடியை அவன் கையில் கொடுத்து, “இது இல்லன்னா பை இல்ல. சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள். அவர் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு வத்திராயிருப்பு பஸ் ஏறினான்.

மூன்று நாள் போயிற்று. வாரம் போயிற்று. அமாவாசைக்கு மலைக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டாள். மேலே வெள்ளைக்காரன் ஒருத்தனைப் பார்த்தோம் என்றார்கள். கீழே இறங்கிப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. கால் தவறி விழுந்திருப்பான் என்றான் ஒருவன். கரடி அடித்திருக்கும் என்றான் இன்னொருவன். மாசி பிறந்ததும் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. சைக்கிள் ஸ்டாண்டுக்காரி வெள்ளைக்காரன் பையை வாங்கி வைத்தாளாம், அதற்கப்புறம் ஆளையே காணோமாம். டீக்கடையில் ஒருத்தன் அவள் காதுபடவே சொன்னான்.

“போலீஸ்ல குடுத்திரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“குடுக்கலாம். பை இங்க இருக்கு, ஆளு எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?”

அன்று சாயங்காலமே அவள் பையை ஒரு கோணிச் சாக்குக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரணில் ஏற்றினாள்.

அது ஏழு வருஷம் அங்கே இருந்தது. அந்த ஏழு வருஷத்தில் அவள் அந்தப் பையைச் சந்தேகப்படாத நாள் கிடையாது. உள்ளே வெடி இருக்குமோ, களவு போன சாமி சிலை இருக்குமோ என்று நினைத்தாள். அழுத்திப் பார்ப்பாள், சிலை மாதிரி ஒன்றும் தட்டுப்படாது. காதை வைத்துக் கேட்பாள். ஒரு ஐப்பசி மாதம் பையின் அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் போதைப் பொடி கடத்துவதைப் பற்றிப் பேப்பரில் வந்ததை ராஜரத்தினம் வாசித்துக் காட்டியிருந்தார். காகிதத்தில் ஒரு துளி மடித்து அவரிடமே கொண்டுபோனாள். அவர் தொடவில்லை, தூர நின்று பார்த்தார். அதற்குள் காகிதத்தில் எறும்பு ஏறிவிட்டது. “அபினை எறும்பு தின்னுமா அண்ணாச்சி?” என்றாள். தின்னாது என்று அவருக்கும் தோன்றியது. பால் பவுடராக இருக்கும் என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

பூட்டை உடைத்துப் பார்த்துவிட்டால் தீர்ந்துபோகும் விஷயம். அதை மட்டும் அவள் செய்யவில்லை. டோக்கன் கட்டிய பொருளை உடையவன் இல்லாமல் தொடுவது அவளால் ஆகாத காரியம். கோடைக்கு ஒருதரம் இறக்கித் தூசி தட்டி, ரசகற்பூர உருண்டை போட்டு மறுபடி ஏற்றுவாள்.

தொண்ணூற்றொன்றில் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொலை நடந்த பிறகு, ஊர் ஊராகப் போலீஸ் லாட்ஜையும் வீட்டையும் சோதனை போட்டது. வெளியூர் ஆள், வெளிநாட்டுச் சாமான் என்றாலே பிடித்து விசாரித்தார்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவள் தம்பி கருத்தையா ராஜபாளையத்திலிருந்து வந்தான். மில்லில் வேலை. அவளுக்கு இருந்த ஒரே கூடப்பிறந்தவன். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

“எங்கிட்ட குடுக்கா. எங்க லைன் வீட்டுல எவன் வந்து பாக்கப் போறான்? ஆவணி கழிஞ்சதும் கொண்டாந்து தாரேன்” என்றான்.

சைக்கிள் எடுக்க வருகிற கொழுந்தனிடம் டயரில் எத்தனை ஒட்டு என்று கேட்டவள், தம்பியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்தாள். ஆவணி முடிந்ததும் சொன்னபடியே கொண்டுவந்தான். சாக்கு அதே சாக்கு, பூட்டும் அதே பூட்டு.

தொண்ணூற்றுமூன்று, மார்கழிக் கடைசி, பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, மொட்டைத் தலையும் மழித்த முகமும் தொந்தியுமாக ஒரு வெள்ளைக்காரன் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்று, “அம்மா, பை” என்றான்.

யாரென்று நிதானிக்குமுன் அவள் வாய் முந்திக்கொண்டது. “எந்தப் பை? இங்க பையெல்லாம் வைக்கிறதில்ல.”

அவன் மூன்று விரல் காட்டினான். மலையைக் காட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவன் அவன் இல்லை. அவனுக்குத் தாடி உண்டு, தலை நிறைய முடி உண்டு, ஒட்டிய வயிறு. இவன் அந்தக் கதையை எங்கேயோ கேட்டுவிட்டு வந்தவனாக இருக்கலாம். வெள்ளைக்காரன் வேஷத்தில் போலீஸே அனுப்பி வைத்த ஆளாகவும் இருக்கலாம். டோக்கனை எடு என்று சைகை காட்டினாள். அவன் கையை விரித்தான்.

மூன்று நாள் அவன் கொட்டகைக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். காலையில் வருவான், மாலையில் லாட்ஜுக்குப் போவான். யாரோ வாங்கிக் கொடுத்த பால்கோவாவை இலையோடு கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் வைத்தான். அவனும் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு ஏனோ பிடித்திருந்தது. மூன்றாம் நாள், “அண்ணாச்சி, அவனைக் கூப்பிடுங்க. நான் கேக்கிறதை அப்படியே கேளுங்க” என்றாள்.

ராஜரத்தினம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடுவில் நின்றார்.

“டோக்கன் எங்க?”

“மலையில வழி தவறி அந்தப் பக்கம், வருசநாட்டுப் பக்கம் இறங்கிட்டானாம். காட்டுல கஞ்சா போட வந்தவன்னு நினைச்சுப் புடிச்சிட்டாங்களாம். இடுப்பு பெல்ட்ல பாஸ்போர்ட்டு இருந்திருக்கு, ஆனா விசா நாள் முடிஞ்சு மூணு வாரமாம். மெட்ராசுக்குக் கொண்டுபோய் பிளேன் ஏத்தி விட்டுட்டாங்க. சட்டைப் பையில இருந்த தகரம் அந்த அலைச்சல்ல எங்கயோ போச்சாம்.”

“ஏன், ஒரு காயிதம் போட்டா என்ன?”

“ரெண்டு போட்டானாம். சைக்கிள் ஸ்டாண்டு அம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர்னு விலாசம் எழுதி.”

வந்து சேரவில்லை. அல்லது இவன் போடவே இல்லை. அவள் யோசித்தாள். “சரி. பையை வாங்கும்போது நான் இவனை என்ன செஞ்சேன்?”

ராஜரத்தினம் கேட்டார். அவன் கொஞ்சம் முழித்தான். பிறகு சிரித்துக்கொண்டே, கழுத்தில் துண்டு போடுகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வாயை அசைத்தான். அவள் திட்டியதை அப்படியே நடித்தான். சைக்கிள் எடுக்க வந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

சுடலையம்மாள் எழுந்தாள். வீட்டுக்குப் போய்ச் சாக்கோடு பையைக் கொண்டுவந்து கொட்டகை நடுவில் வைத்தாள். “நான் தொறந்ததே இல்ல. நாலு பேருக்கு முன்னால அவனே தொறக்கட்டும்.”

குட்டிப் பூட்டை அவன் இழுத்ததும் கையோடு வந்தது. ஏற்கெனவே யாரோ நெம்பி, மேலுக்கு அமுக்கி வைத்த பூட்டு.

அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். நேபாளத்துக் கம்பளித் தொப்பி, பூச்சி அரித்திருந்தது. ரங்கூனில் ஒரு கிழவி கொடுத்த சுருட்டு டப்பா. அந்த ஊரில் ஏழே நாள்தான் இருக்கவிடுவார்களாம். ஜாவாவில் எரிமலை அடியில் பொறுக்கிய, தண்ணீரில் மிதக்கிற கல். கிழிந்த வரைபடம், வயிற்றுப்போக்கு மாத்திரை, பாலிதீன் கிழிந்த பால் பவுடர். பொடி எழுத்தில் நிறைத்த இரண்டு நோட்டு. நோட்டில் ஒரு பக்கத்தை ராஜரத்தினத்திடம் காட்டி ஏதோ சொன்னான். “எந்த ஊருல எவன் எப்படி ஏமாத்தினான்னு எல்லாம் எழுதி வச்சிருக்கானாம்மா. பாங்காக்குல போலி ரத்தினக் கல்லு வாங்கி ஏமாந்தது, கல்கத்தா ரயில்ல மயக்க பிஸ்கட் தின்னது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மட்டும் எழுத நேரமில்லாமப் போச்சாம்.”

பேசிக்கொண்டே கடைசி வரை கையை விட்டுத் துழாவினான். மறுபடியும் துழாவினான். பையைக் கவிழ்த்து உதறினான். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“என்னத்தைத் தேடுதான்?”

ராஜரத்தினம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். “கேமரா இல்லையாம்.”

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பதினான்கு வருஷமாகக் கொட்டகைக்கு வந்த ஒவ்வொருத்தனையும் அவள் பார்த்த பார்வை அது. தன்மேல் வந்து விழுந்தபோது அது இவ்வளவு சுடும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“கேமரா போனாப் போவுதுங்கான்” என்றார் ராஜரத்தினம். “அதுக்குள்ள ஒரு பிலிம் ரோல் இருந்துச்சாம். கூட்டாளி ஒருத்தன், பேரு யான். என்ன பேரு பாரு, நம்ம பழைய தமிழ்ல யான்னா நான். ரெண்டு பேருமாத்தான் பெல்ஜியத்துலேர்ந்து கிளம்பியிருக்காங்க. நேபாளத்துல மலைப் பாதையில அவன் வழுக்கி விழுந்து செத்துட்டான். அங்கயே எரிச்சிட்டாங்க. அதுக்கு மொத நாள் வரைக்கும் அவனை எடுத்த போட்டோவெல்லாம் அந்த ரோல்லதான் இருக்கு. அவன் அம்மா இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காவளாம். அவிய ஒடம்பு இப்ப சரியில்ல. அதுக்குத்தான் இம்புட்டு தூரம் வந்தானாம்.”

சுடலையம்மாள் கொட்டகையை ராஜரத்தினத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடுத்த ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள். பதினான்கு வருஷத்தில் பகல் பொழுதில் அவள் ஸ்டாண்டை விட்டு வெளியூர் போனது அதுதான் முதல் தடவை.

அரை மணி நேர ஓட்டம். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறு யார் எடுத்திருக்கலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே போனாள். வெள்ளையடிக்க வந்தவன். பரணைச் சரி செய்த ஆசாரி. பக்கத்து வீட்டுக்காரி. ஒவ்வொருத்தர் மேலும் சந்தேகத்தை ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். ஒருத்தர் மேலும் அது நிற்கவில்லை.

கருத்தையா வீட்டு வாசலில் அவன் பெண்டாட்டி வேலுத்தாய் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். “வாங்க மதினி” என்று எழுந்தவள், மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். கருத்தையா ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்தான்.

“ஏலே, எந்திரி. அந்தப் பையில இருந்த கேமரா எங்க?”

“எந்தக் கேமரா?”

“எந்தப் பைன்னு நானும் அவங்கிட்ட இப்படித்தான் கேட்டேன். எந்திரிலே.”

“அக்கா, சத்தியமா…”

“சத்தியம் பண்ணாதீய” என்றாள் வேலுத்தாய் வாசலிலிருந்தே. “மதினி, மில்லு அடைச்சுக் கிடந்தப்போ எடுத்தாவ. ரெண்டு மாசம் அடுப்பு எரியல. நானும் வேண்டாம்னு சொல்லல.”

கருத்தையா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “அஞ்சு வருஷமா வராதவன் இனிமே எங்க வரப்போறான்னு நினைச்சேன்க்கா. செத்தவன் சாமான்தானேன்னு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சோறு போட மாட்டேனாலே?”

“கேட்டா நீ சந்தேகப்படுவ. எதுக்கு, எம்புட்டு, எப்பத் தருவன்னு நூறு கேள்வி கேப்ப. ஒங்கிட்ட கேக்கிறதுக்குப் பேசாம…” அவன் முடிக்கவில்லை.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. உலகத்தில் தான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவன் என்று அவள் நினைத்திருந்தாள். அவனுக்கு அது தெரியவே இல்லை. “சட்டையைப் போடு. வித்த எடத்தைக் காட்டு” என்றாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியில் ஸ்டூடியோ. முதலாளி சிங்கராஜா, அறுபது வயது. உள்ளே பேத்தியைத் தெலுங்கில் ஏதோ அதட்டிவிட்டு வெளியே வந்தவர், கருத்தையாவைப் பார்த்ததும் முகம் மாறினார்.

“கேமரா இல்லம்மா. கல்யாண வீட்டுல கீழ விழுந்து ஷட்டர் போச்சு. மதுரையில ஒரு ரிப்பேர்க்காரன்கிட்ட எடைக்குப் போடுற மாதிரித் தள்ளியாச்சு. திருட்டுச் சாமான்னு எனக்குத் தெரியாது. இவன் வெளிநாட்டுல இருக்கிற மச்சான் குடுத்ததுன்னான்.”

“கேமரா வேண்டாம் முதலாளி. உள்ள ஒரு ரோல் இருந்துச்சா?”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். போலீஸ் அனுப்பி வந்தவளா, இதை வைத்துத் தன்னை மாட்டிவிடப் பார்க்கிறாளா என்று அவர் யோசிப்பது அவளுக்கு எழுதி வைத்த மாதிரித் தெரிந்தது. அவளும் அப்படித்தான் யோசித்திருப்பாள். ஆகவே கெஞ்சவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். தம்பி எடுத்ததையும் மறைக்கவில்லை. கருத்தையா மாடிப்படியில் தலை குனிந்து நின்றான். நேபாளத்தில் செத்த பையனையும் அவன் அம்மாவையும் சொல்லும்போது சிங்கராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரோலைத் தூக்கிப் போட மனசு வரல. நான் எந்தக் காலத்துல வெளிநாடு போய்ப் பாக்கப் போறேன்? என்னதான் இருக்குன்னு கழுவிப் பாத்தேன்” என்றார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு உறையை எடுத்தார். “வருஷக் கணக்கா சூட்டுல கிடந்த ரோல். முப்பத்தாறுல இருபது தேறுச்சு. சிலது செவப்பா அடிச்சிருக்கு.”

அவள் வாங்கிப் பார்த்தாள். மரக்காலில் நிற்கிற வீடுகள், படகில் வாழைத்தார், புகை விடுகிற மலை, தங்கம் பூசிய கோபுரம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நெட்டைப் பையன். செம்பட்டை முடி. ஒரு படத்தில் எருமைக் கன்றைத் தூக்க முயன்று விழப்போகிறான். ஒரு படத்தில் மழையில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறான். கடைசியில் பனி மலைக்கு முன்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். முகம் தெரியவில்லை. தலை மட்டும்தான்.

“ரெண்டு வருஷமா இவன் யாரு, எவன் பெத்த பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார் சிங்கராஜா. நெகட்டிவையும் சேர்த்துக் கொடுத்தார். அவள் படி இறங்கும்போது, “அம்மா, போலீசுக்கு…” என்று இழுத்தார். “போக மாட்டேன் முதலாளி” என்றாள்.

திரும்பும்போது கருத்தையாவையும் கையோடு கூட்டிவந்தாள். அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “நீ வந்து அவன் முன்னால நிக்கணும். இல்லன்னா அவன் ஆயுசு பூரா என்னைத்தான் நினைப்பான்” என்றாள்.

வெயில் தாழ்ந்திருந்தது. லூக் புளியமரத்தடியில் பையை மறுபடி அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் உறையை நீட்டினாள். அவன் முதல் படத்தைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். எருமைக் கன்றுப் படம் வந்ததும் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் வேடிக்கை பார்த்தது. சுடலையம்மாள் அவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

அவன் தேறி எழுந்ததும் அவள் தம்பியை முன்னால் தள்ளினாள். “அண்ணாச்சி, சொல்லுங்க. இவன் என் தம்பி. இவன்தான் பூட்டை நெம்பிக் கேமராவை எடுத்து வித்தான். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். இப்படியே சொல்லுங்க.”

ராஜரத்தினம் கருத்தையாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். இங்கிலீஷில் சொன்னார். சொல்லி முடித்ததும் லூக் கருத்தையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னான். நன்றி என்கிற மாதிரி இருந்தது.

சுடலையம்மாளுக்குப் பொறி தட்டியது. கேமராவைத் திருடினவனுக்கு எவனாவது கை கொடுப்பானா?

“அண்ணாச்சி, நீங்க என்ன சொன்னீய?”

“நீ சொன்னதைத்தான் சொன்னேன்.”

“அப்படியேவா?”

“முப்பது வருஷம் ஆகப் போகுது, எனக்கு ஒரு வார்த்தை மாத்தித் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். டோக்கனை மறக்காமல் அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

லூக் அன்று மாலை மதுரை பஸ்ஸில் போனான். ஜன்னல் வழியாகக் கும்பிட்டான். அவளைப் பார்த்த பார்வையில் காலையில் இருந்தது இப்போது இல்லை. அதற்கு உண்மை காரணமா, ராஜரத்தினம் சொன்ன ஏதோ ஒரு பொய் காரணமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கருத்தையாவிடம் அவள் ஒன்றரை வருஷம் பேசவில்லை. அவன் மூத்த பெண்ணின் சடங்குக்கு வேலுத்தாய் தனியாக வந்து வாசலில் உட்கார்ந்து அழுத பிறகுதான் போனாள். அத்தை சீர் செய்தாள். அன்று அவன் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, “இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தவாக்கா?” என்றான். “ஊத்து” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அதற்கு அடுத்த ஆடியில் வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய கடிதம் ஒன்று வந்தது. இந்தமுறை விலாசத்தில் அவள் பெயர் இருந்தது. லூக்கிடமிருந்து நாலு வரி இங்கிலீஷ்: யானின் அம்மா இதைத் தன் கைப்படத்தான் எழுதுவேன் என்று சொல்லி எழுதியிருக்கிறார். கூடவே நடுங்குகிற எழுத்தில் இரண்டு பக்கம். ராஜரத்தினம் நாலு வரியை வாசித்துவிட்டு, அந்த இரண்டு பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார்.

“இது அவிய பாஷைம்மா. எனக்குப் படிக்கத் தெரியாது.”

“ஏ, பி, சி, டிதானே போட்டிருக்கு?”

“எழுத்து அதுதான். பாஷை வேற.”

“இம்புட்டு வருஷம் கோர்ட்டுல இருந்திருக்கீய. இதே எழுத்தைத் தெனமும் தட்டுதீய. இது மட்டும் படிக்க வராதா?”

“வராது, நம்பு.”

சுடலையம்மாள் கீழே இருந்த கடிதத்தை எடுத்தாள். அன்று அவர் லூக்கிடம் என்ன சொன்னார் என்பது இதில் இருந்தாலும் இருக்கும். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் ராஜபாளையம் சர்ச்சு ஃபாதரிடம் காட்டினாள். அவரும் தெரியாது என்றார். இரண்டு பேரும் சொல்லி வைத்துக்கொண்டு பேசுகிறார்களோ என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தாள். பிறகு ஃபாதருக்கும் டைப்பிஸ்டுக்கும் என்ன பழக்கம் இருக்க முடியும் என்று நினைத்து, அந்த யோசனையை விட்டுவிட்டுச் சீக்கிரம் ஸ்டாண்டைத் திறக்கப் போனாள். அன்று தேர் பார்க்க வந்த கூட்டம். கொட்டகைக்கு வெளியே தெரு வரை சைக்கிள் நின்றது.